சுத்தமான ரத்தம்

“இயந்திரம் பொய் சொல்லாது,” என்றார் டாக்டர் நிதிராங்கு.

“அப்ப மனுஷங்க சொல்வாங்கன்னு ஒத்துக்கறீங்க. பாதி வேலை முடிஞ்சது,” என்றாள் பெர்பெத்துவா நியாம்போக்.

கரிசா சிரிப்பை விழுங்கிக்கொண்டு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தான். மணி பதினொன்று ஐந்து. கொட் நியாலோ மிஷன் ஆஸ்பத்திரியின் சோதனைக் கூடத்தில் ஏ.சி. எலும்பைத் துளைத்தது. நிதிராங்கு ஸ்வெட்டர் போட்டிருந்தார். நைரோபியிலிருந்து வந்து இரண்டு வருடமாகியும் இந்த ஏரிக்கரை வெயிலில் அவர் ஐந்து நிமிடம் நின்றதாகச் சரித்திரம் இல்லை.

பெர்பெத்துவா போலீஸில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவள். ஒரு மந்திரியின் மச்சானைக் கைது செய்த கையோடு வேலையை விட்டவள். இப்போது ஹோமா பே பஸ் நிலையத்துக்குப் பின்னால், தையல் கடைக்கு மேலே, அவளுடைய துப்பறியும் ஆபீஸ். அதில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு கரிசா. கரிசாவுக்கு ஊர் மலிந்தி. கடற்கரைக்காரன். டிரைவர், குமாஸ்தா, கேட்காமலேயே கருத்துச் சொல்பவன் என மூன்று வேலைக்கு ஒரே சம்பளம்.

முந்தின நாள் மாலை ஒரு பெண் அந்த ஆபீஸ் படியேறி வந்தாள். பெயர் மிலிசென்ட். ஒமேனா கருவாடு விற்பவள். கூடையை மேஜைமேல் வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“எம் பொண்ணு செத்துக்கிட்டு இருக்கா. ஆஸ்பத்திரி பேப்பர்ல பொழைச்சுட்டான்னு எழுதியிருக்காங்க. யாரு எழுதினாங்கன்னு எனக்குத் தெரியணும்.”

பெண்ணின் பெயர் அபியோ. வயது ஏழு. போன வருடம் தாடையில் கட்டி. லிம்ஃபோமா என்றார்கள், நிணநீர்ச் செல்களில் பிறக்கும் புற்று, இந்த ஏரிக்கரைக் குழந்தைகளைத் தேடி வந்து பிடிக்கிற வகை. ஆஸ்பத்திரியில் புது மருந்து ஒன்றை ஆராய்ச்சிக்காகக் கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் கட்டி கரைந்தது. ஆறாவது மாதம் அதே இடத்தில் மறுபடி முளைத்தது. ஆனால் ஆறாவது மாத ரத்தச் சோதனை, நோய் துளிக்கூட இல்லை என்று சொன்னது.

“எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க டாக்டர்,” என்றாள் பெர்பெத்துவா. “நான் திருடங்களோட வாழ்ந்தவ. மரபணுவோட பழக்கமில்ல.”

நிதிராங்கு பெருமூச்சு விட்டார். “முதல்ல கட்டியிலேருந்து எடுத்த சதையில மரபணுவைப் படிச்சோம். மூணு இடத்துல மாற்றம் இருந்தது. தழும்பு மாதிரி வச்சுக்குங்க. அந்தப் பொண்ணு உடம்புல வேற எங்கயும் அது கிடையாது, புற்று செல்லுல மட்டும்தான். நோய் மருந்துக்குத் தப்பிச்சுத் திரும்பி வந்தா அதே தழும்புகளோடதான் வரும். தப்பிக்கக் கத்துக்கிட்டதுக்கு அடையாளமா புதுசா ஒண்ணு ரெண்டும் சேந்திருக்கும். ரத்தத்துலயே அதைப் பிடிச்சிடலாம்.”

“பழைய கேடி திரும்பி வந்தா பழைய வெட்டுக்காயத்தோட வருவான். ஜெயில்ல குத்திக்கிட்ட பச்சையும் கூட இருக்கும்,” என்றான் கரிசா.

நிதிராங்கு முதல் தடவையாக அவனை ஒரு மனிதனாகப் பார்த்தார். “சுருக்கமா, ஆமா. இந்த ரத்தத்துல பழைய தழும்பும் இல்ல, புதுசும் இல்ல. சுத்தம்.”

“அப்ப தாடையில இருக்கறது?”

“பல்லுல சீழ் புடிச்சிருக்கும்.”

“போய்ப் பாத்தீங்களா?”

“நோயாளிகளைப் பாக்கறது வார்டு டாக்டர் ஒகோலாவோட வேலை. நான் குழாய்களைப் பாக்கறேன்.”

“குழாய் மாறியிருந்தா?”

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தவர் போல நிதிராங்கு கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். “சுத்தம்னு வர்ற ஒவ்வொரு ரத்தத்துக்கும் அடையாளச் சோதனை செய்யறோம். புற்றோட தழும்பு வேற, பிறவியிலேயே வர்ற மரபணு வேற. முதல்ல எடுத்த சதை, ஆறாவது மாச ரத்தம், இந்த ரெண்டுக்கும் பிறவி மரபணு நூத்துக்கு நூறு ஒத்துப்போகுது. இது அபியோ ரத்தம். எந்தக் கோர்ட்டுல வேணா சொல்வேன்.”

கரிசா பேனாவை மூடினான். கேஸும் மூடிவிட்டதாகத் தோன்றியது.

பெர்பெத்துவா மூடவில்லை. “நோய் திரும்பின பிள்ளைங்களுக்கு ரெண்டாவது மருந்து ஒண்ணு இருக்காமே?”

“இருக்கு. யார் யாருக்கு வேணும்னு பட்டியல் இன்னிக்கு நாலு மணிக்கு நைரோபிக்குப் போகுது. அதுல இருக்கற பேருக்குத்தான் மருந்து வரும். அடுத்த பட்டியல் மூணு மாசம் கழிச்சு.”

“ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். அந்தப் பொண்ணுக்கு நோய் திரும்பியிருந்தா, மூணு மாசம் தாங்குவாளா?”

“திரும்பல.”

“கேட்டதுக்குப் பதில்.”

நிதிராங்கு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தாங்க மாட்டா. மூணு வாரமே கஷ்டம். இது ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ரெண்டு மடங்காகிற ஜாதி.”

“அவ ஃபைலைக் குடுங்க.”

மறுப்பார் என்று கரிசா எதிர்பார்த்தான். அவரோ அலட்சியமாக எடுத்து மேஜைமேல் தள்ளினார். பெர்பெத்துவா முதல் பக்கத்தைத் திறந்தாள். அதைத் தாண்டி அவள் போகவே இல்லை. அவள் கழுத்து நரம்பு ஒன்று மெல்லப் புடைத்ததைக் கரிசா பார்த்தான். கோபம் வந்தால் மட்டும் புடைக்கிற நரம்பு அது.

“கரிசா, வண்டியை எடு.”

*

கார் முழுக்கக் கருவாட்டு நாற்றம். மிலிசென்ட் கொடுத்த கூடை பின் சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

“மேடம், ஃபைல்ல என்ன பாத்தீங்க?”

“பொய்.”

“எந்தப் பக்கத்துல?”

“முதல் பக்கம். ஒண்ணாவது வரியும் மூணாவது வரியும். ரெண்டும் ஒரே காகிதத்துல சேந்திருக்கவே முடியாது.”

கரிசா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால், அந்தப் பக்கத்தைக் குறித்து வைத்திருந்த நோட்டைப் புரட்டினான். வரி ஒன்று, பெயர்: அபியோ. வரி மூன்று, உடன்பிறந்தோர்: இல்லை. திருப்பித் திருப்பிப் படித்தான். தலைகீழாகவும் படித்துப் பார்த்தான்.

“இதுல என்ன மேடம் இருக்கு? ஒத்தப் புள்ளை. அவ்வளவுதானே?”

“ரோட்டைப் பாத்து ஓட்டுடா. எங்க ஜனத்து ஆள், ஒரு லுவோக்காரன், இதைப் படிச்சா சிரிப்பான். நீ கடற்கரைக்காரன், தேங்காயைத் தவிர எதுவும் தெரியாது.”

“தேங்காயை ஒண்ணும் சொல்லாதீங்க. உங்க ஊர்ல மீனுக்கு மீனே தொட்டுக்கற ஆளுங்க நீங்க.”

பதினெட்டாவது கிலோமீட்டரில் தார் ரோடு முடிந்து ஏரி தெரிந்தது. கரையெங்கும் பழைய வலைகளை விரித்து ஒமேனா காயவைத்திருந்தார்கள். மிலிசென்டின் தகர வீட்டு வாசலில் மொட்டைத் தலைச் சிறுமி ஒருத்தி கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். எழுபத்து மூன்று, எழுபத்து நாலு என்று எண்ணிக்கையும் நடந்துகொண்டிருந்தது.

கரிசா எஞ்சினை அணைத்தான். “இதுதான் செத்துக்கிட்டு இருக்கற பொண்ணா? எனக்கு மூச்சு வாங்குது, அவளுக்கு வாங்கல. நிதிராங்கு கால்ல விழுந்துட்டு வந்துடலாம் மேடம்.”

“உன் பேரென்னம்மா?” என்று கேட்டாள் பெர்பெத்துவா.

“அடோங்கோ,” என்றாள் சிறுமி, கயிற்றை நிறுத்தாமல். “அபியோ உள்ள படுத்திருக்கா. அவளால இப்ப தாண்ட முடியாது. அவளுக்கும் சேத்து நான் தாண்டறேன்.”

உள்ளே போனார்கள். பாயில் படுத்திருந்தது அதே முகம். அதே நெற்றி, அதே காது, இடது புருவத்தில் அதே சுழி. ஆனால் அந்த முகத்தின் வலப் பாதி மட்டும் வேறு யாருடையதோ போல வீங்கி, கண்ணை மேலே தள்ளி மூடிவிட்டிருந்தது. வாயோரம் எச்சில் ஒழுகியது. அவள் கரிசாவைப் பார்த்து நல்ல கண்ணால் சிரிக்கப் பார்த்தாள்.

கரிசா பாயருகே குனிந்து உட்கார்ந்தான்.

“எங்க ஜனத்துல இரட்டைப் பொண்ணு பொறந்தா முதல்ல வந்தவ அபியோ, ரெண்டாவது வந்தவ அடோங்கோ,” என்றாள் பெர்பெத்துவா. அவள் குரல் தாழ்ந்திருந்தது. தாழ்ந்தால் ஆபத்து. “பேரை யாரும் யோசிக்கறதில்ல. அது தானா வர்றது. அபியோன்னு ஒரு பேரைக் கேட்டா, அடோங்கோ எங்கேன்னு தேடற ஊர் இது. அந்த ஃபைல்ல ‘உடன்பிறந்தோர் இல்லை’.”

கரிசா வாசல் பக்கம் திரும்பி அடோங்கோவைப் பார்த்தான். “ஒரே முகம். அப்ப பிறவி மரபணுவும்...”

“ஒண்ணு. நூத்துக்கு நூறு. ஆனா தழும்பு? அது நோய் வந்தவளுக்கு மட்டும்.” அவள் மிலிசென்ட் பக்கம் திரும்பினாள். “ஏம்மா, ஆறாவது மாசம் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப அடோங்கோவும் வந்தாளா?”

“கூட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க அக்கா. ஒருவேளை அபியோவுக்கு எலும்பு மஜ்ஜை மாத்த வேண்டி வந்தா பொருந்துதான்னு பாக்கணும்னு ரெண்டு பேர்கிட்டயும் ரத்தம் எடுத்தாங்க. அடோங்கோ அழவே இல்ல. அக்காவுக்காகன்னு கையை நீட்டினா.”

“யாரு சொன்னது, மஜ்ஜைன்னு?”

“நர்ஸ் பொண்ணு. மேலேருந்து சொல்லியிருக்காங்கன்னுச்சு.”

அக்காவுக்காக என்று நீட்டிய கையிலிருந்து எடுத்த ரத்தத்தை அக்கா பேரில் சோதனைக்கு அனுப்பி அக்காவைத் தீர்த்துக் கட்டியிருக்கிறார்கள். கரிசா வெளியே போய் ஏரியைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான்.

பெர்பெத்துவா ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். வார்டைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் ஜெரமையா ஒகோலா இரண்டாவது மணியிலேயே எடுத்தார். மண்ணின் மைந்தர். பக்கத்து ஊரில் பிறந்து, வெளிநாட்டில் படித்து, திரும்பி வந்து குழந்தைகள் வார்டைத் தன் கையால் கட்டியவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவர் பெயரைச் சொல்லி ஜெபம் செய்யாத தாய் இந்தக் கரையில் இல்லை.

“பெர்பெத்துவா அக்கா, எவ்வளவு நாளாச்சு உங்க குரலைக் கேட்டு.”

“அபியோ வீட்டுல இருக்கேன் டாக்டர். புள்ளை நிலைமை சரியில்ல. ஆறாவது மாச ரத்தம் உங்க வார்டுல எடுத்ததுதானே?”

“எடுக்கறது மட்டும்தான் நாங்க. அதுக்கப்புறம் எல்லாம் நிதிராங்கு ராஜ்ஜியம். நைரோபிக்காரங்களுக்கு நம்ம புள்ளைங்க வெறும் நம்பர் அக்கா. நானும் கத்திப் பாத்துட்டேன். சுத்தம்னு அவங்க எழுதினா என் கை கட்டிக் கிடக்கு.” குரலில் நிஜமான வருத்தம். “மின் ரூதேகிட்ட ஃபோனைக் குடுங்க. ரெண்டு வார்த்தை ஆறுதல் சொல்றேன்.”

கரிசா பழக்க தோஷத்தில் நேரத்தோடு குறித்துக்கொண்டான். 12.45, டாக்டர் ஒகோலா. மிலிசென்டுக்கு இன்னொரு பெயர் இருக்கிறது போல. அதையும் கேட்டபடி எழுதினான்.

மிலிசென்ட் ஃபோனை வாங்கி, மரம் போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். சரி டாக்டர், சரி டாக்டர் என்றாள். வைத்தாள்.

“சீழ் மாத்திரை குடுத்து அனுப்பறாராம்,” என்றாள். “பைபிள் படிக்கச் சொன்னாரு.”

*

“நிதிராங்குதான்,” என்றான் கரிசா. திரும்பும் வழியில் கார் பறந்துகொண்டிருந்தது. பின் சீட்டில் மிலிசென்ட், அவள் மடியில் அபியோ, பக்கத்தில் கருவாட்டுக் கூடையைக் கட்டிக்கொண்டு அடோங்கோ. மணி ஒன்று இருபது. “சோதனைக் கூடம் அவர் கையில. ஃபைல் அவர் கையில. பேச்சும் சரியில்ல, ஸ்வெட்டரும் சரியில்ல.”

“அவர் ஃபைலை எப்படிக் குடுத்தாரு?”

“தூக்கிப் போட்டாரு. திமிர்.”

“திமிர்தான். அக்காவுக்குத் தங்கச்சி இருக்கறதை மறைச்சவன், ‘அபியோ, உடன்பிறந்தோர் இல்லை’ன்னு எழுதின காகிதத்தை நியாம்போக்னு லுவோ பேர் வச்ச ஒருத்திகிட்ட அப்படித் தூக்கிப் போடுவானா? அந்தாளுக்கு அது வெறும் பேரு. அவர் கிகுயு, வேற ஜனம். அடோங்கோன்னு ஒருத்தி இருக்கணும்னே அவருக்குத் தெரியாது.”

“அப்ப யாருக்குத் தெரியும்?”

பெர்பெத்துவா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் ஒரு கரும்பு லாரி ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு வயல் வழியே வந்து சேர்ந்தபோது மணி மூன்று ஆகிவிட்டது.

*

சோதனைக் கூடத்துக்குள் முதலில் அபியோவைத் தூக்கிக்கொண்டு கரிசா நுழைந்தான். பின்னாலேயே அடோங்கோ. நிதிராங்கு நாற்காலியிலிருந்து எழுந்தார். இந்த முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்தார். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“இரட்டை,” என்றார். “ஒரே கரு.” மறுபடி உட்கார்ந்துவிட்டார். “அடையாளச் சோதனை பாஸாகும். தழும்பு மட்டும் இருக்காது. கடவுளே, அது இருக்காது.”

டாக்டர் ஒகோலா விஷயம் கேள்விப்பட்டு வார்டிலிருந்து ஓடிவந்தார். வந்தவர் நேராக நிதிராங்கு மேல் பாய்ந்தார்.

“குடும்ப விவரம் வாங்கறது உங்க ஆளுங்க வேலை. உடன்பிறந்தோர் இல்லைன்னு எழுதியிருக்கு, நான் நம்பினேன். இப்ப பாருங்க. நம்ம புள்ளை ஒண்ணை உங்க கம்ப்யூட்டர் தின்னுடுச்சு.”

“படிவம் உங்க வார்டுலேருந்து வந்தது,” என்றார் நிதிராங்கு.

“டைப் அடிச்ச படிவம். யாரு வேணா அடிச்சிருக்கலாம்.”

“ஒரு நிமிஷம்,” என்றாள் பெர்பெத்துவா. “டாக்டர் ஒகோலா, இந்தப் புள்ளைக்கு ஒரு தங்கச்சி இருக்கறது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“இப்பத்தான். இந்த வாசல்ல நுழைஞ்சப்ப.”

“அபியோன்னு பேரு. நீங்க லுவோ.”

ஒகோலா சோகமாகச் சிரித்தார். “அக்கா, இது அந்தக் காலமா? செத்துப்போன அத்தை பேரு அபியோன்னா அந்தப் பேரை ஒத்தப் புள்ளைக்கும் வைக்கிறாங்க. என் சொந்தத் தம்பி பொண்ணு அபியோ. இரட்டை கிடையாது. அது மாதிரின்னு நினைச்சேன். அது தப்புன்னா ஒத்துக்கறேன்.”

நல்ல பதில். கோர்ட்டில் நிற்கும் பதில். சுவர்க் கடிகாரம் மூன்று பன்னிரண்டு காட்டியது.

பெர்பெத்துவா தலையாட்டினாள். “நியாயம். கரிசா, நோட்டை எடு. பன்னெண்டே முக்காலுக்கு என்ன எழுதியிருக்கே?”

கரிசா புரட்டினான். “12.45, டாக்டர் ஒகோலா. ரத்தம் எடுப்பது மட்டும் வார்டு வேலை. சுத்தம்னு எழுதினா கை கட்டிக் கிடக்கு. அப்புறம்... மின் ரூதேகிட்ட ஃபோனைக் குடுங்க.”

ஒகோலாவின் கண் ஒரு தடவை கதவுப் பக்கம் போய் வந்தது.

“அப்படின்னா என்ன?” என்று கேட்டார் நிதிராங்கு.

பதில் சொன்னது மிலிசென்ட். அபியோவை மடியில் வைத்துக்கொண்டு அதுவரை வாய் திறக்காமல் இருந்தவள். “இரட்டைப் புள்ளைங்களோட அம்மான்னு அர்த்தம். இவரு என்னை எப்பவும் அப்படித்தான் கூப்பிடுவாரு.”

“வாய் தவறி...” என்றார் ஒகோலா.

“வாய் தவறல. வாய் பழக்கத்துல சரியாத்தான் பேசுச்சு,” என்றாள் பெர்பெத்துவா. “இரட்டைப் புள்ளை பெத்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிடறது நம்ம ஊர்ல மரியாதைக் குறைவு. உங்க அம்மா நல்லா வளத்திருக்காங்க டாக்டர். படிவத்துல அழிச்சிட்டீங்க, நர்ஸ் வாயால மஜ்ஜைக் கதை சொல்ல வச்சிட்டீங்க. ஆனா ஒரு அம்மாகிட்டப் பேசறப்ப மரியாதையை விட முடியல. நான் ஃபோன்ல அபியோவைப் பத்தி மட்டும்தான் பேசினேன். தங்கச்சியைப் பத்தி மூச்சு விடல. கேட்டுக்கிட்டிருந்த மூணு பேருக்கும் தெரியும்.”

ஒகோலா மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு பேசியபோது நடிப்பு போய்விட்டிருந்தது.

“நாலு புள்ளைங்களுக்கு நோய் திரும்பியாச்சு. அஞ்சாவது வந்தா ஆராய்ச்சியை மூடிடுவாங்க. சட்டம் அப்படி. மூடினா மருந்து வராது. வார்டுல நாற்பது புள்ளைங்க இருக்கு. அதுல முப்பது பொழைக்கும், இந்த மருந்து இருந்தா. இது எனக்கு லாபக் கணக்கு இல்ல அக்கா. முப்பது பேரைக் காப்பாத்த ஒருத்தியை இழந்தேன்.”

“இழக்கல. தேர்ந்தெடுத்தீங்க.” பெர்பெத்துவா மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றினாள். குரல் இப்போது மிகத் தாழ்ந்திருந்தது. “மருந்து அஞ்சு பேர்கிட்டத் தோத்திருக்கு. அதை உலகத்துக்குச் சொல்லாம, ஜெயிச்சதா எழுதி, நாளைக்கு இன்னும் ஆயிரம் புள்ளைங்களுக்கு ஊத்தப் போறாங்க. எந்தத் தழும்பு வந்தா மருந்து தோக்குதுன்னு இந்தப் புள்ளை ரத்தத்துல எழுதியிருக்கு. அதைக் கீழே கொட்டிட்டீங்க. சரி, அதெல்லாம் போகட்டும். நாற்பது வீட்டுல ஏன் இந்த வீடு? சோதனையை ஏமாத்த இரட்டை வேணும், அது மட்டும்தானா? நான் சொல்லவா? இங்க இன்னொண்ணு இருக்கே. அதே முகம். ஒண்ணு போனாலும் ஒண்ணு மிச்சம்னு மனசுக்குள்ள ஒரு மூலையில சொல்லிக்கிட்டீங்க.”

ஒகோலா தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் கரிசாவுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

மிலிசென்ட் எழுந்து வந்தாள். கத்தவில்லை. அடிக்கவில்லை. “எந்தப் புள்ளையை வச்சுக்கணும்னு என்னைக் கேட்டீங்களா டாக்டர்?” என்றாள்.

“மூணு இருபது,” என்றாள் பெர்பெத்துவா. “கரிசா, இவர் பக்கத்துல நில்லு. எந்திரிச்சா உக்கார வை. போலீஸ்கிட்ட அப்புறம் பேசறேன். டாக்டர் நிதிராங்கு, பட்டியல்ல அபியோ பேர் போகணும். என்ன வேணும்?”

“ரத்தத்துல மரபணு படிக்க நாலு நாள் ஆகும்.” நிதிராங்கு சட்டென்று ஸ்வெட்டரைக் கழற்றி வீசினார். “ஆனா கட்டியில ஊசி குத்தி, செல்லை எடுத்து மைக்ராஸ்கோப்புல பாக்க இருபது நிமிஷம் போதும். நோய் திரும்பினதுன்னு கையெழுத்துப் போட அது போதும். தழும்பை அப்புறம் படிக்கறேன்.”

“எடுங்க.”

அவர் ஊசியை எடுத்தார். நோயாளியைத் தொட்டு எத்தனை வருடமோ, விரல்களுக்குள் அதை இரண்டு தடவை மாற்றிப் பிடித்தார். அபியோவின் முன்னால் குனிந்து நின்றவர், தயங்கி, தரையில் மண்டியிட்டார். “வலிக்கும்மா,” என்றார். “நிஜமா வலிக்கும். கொஞ்ச நேரம்.”

அபியோ அவரை ஒற்றைக் கண்ணால் அளந்தாள். பிறகு கையை நீட்டினாள். அவரிடம் இல்லை. பின்னால் நின்ற அடோங்கோவிடம். அடோங்கோ வந்து பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

கண்ணாடித் துண்டில் சாயம் ஏறிக் காய்வதற்குள் கரிசா கடிகாரத்தை அறுபது தடவை பார்த்திருப்பான். நிதிராங்கு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“நிரம்பியிருக்கு,” என்றார். “பாக்கற இடமெல்லாம்.” திரும்பி மிலிசென்டைப் பார்த்தார். “அம்மா, உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன். ரெண்டாவது மருந்து எல்லாரையும் காப்பாத்தறதில்ல. பாதிப் பேருக்கும் கம்மி. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி இதைப் பாத்திருந்தா இன்னும் கொஞ்சம்...”

“பேரைப் போடுங்க,” என்றாள் மிலிசென்ட்.

அவர் தட்டச்சு செய்தார். மணி மூன்று ஐம்பத்திரண்டு. அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரலைக் கொண்டுபோனபோது மிலிசென்டின் கை குறுக்கே வந்தது. ஒமேனா உப்பில் வெடித்த, அகலமான கை.

“பொறுங்க. இந்த ஆஸ்பத்திரியில எழுதினதை நம்பி ஒரு தடவை ஏமாந்துட்டேன். எனக்குப் படிக்கத் தெரியாது.” அவள் கரிசா பக்கம் திரும்பினாள். “தம்பி, நீ படி. இருக்கறதை இருக்கற மாதிரி.”

கரிசா ஒகோலாவின் பக்கத்திலிருந்து நகர்ந்து திரைக்கு முன்னால் வந்தான். தொண்டையைச் செருமினான்.

“பெயர், அபியோ. வயது ஏழு. உடன்பிறந்தோர், ஒருத்தி, இரட்டை.” அடுத்த வரியில் விரலை வைத்தான். “நிலை. நோய் திரும்பிவிட்டது.”

எந்தத் தாயும் காதால் கேட்கக் கூடாத வரி. இரண்டு வாரமாகக் கதவு கதவாகத் தட்டி இவள் கேட்டதும் அந்த ஒரு வரியைத்தான்.

மிலிசென்ட் மூச்சை விட்டாள். கையை எடுத்தாள்.

“இப்ப அனுப்புங்க.”